நிகர நிறை எழுதப்படாத பெட்டி

"மாமா, இடம் இல்லையாம் எண்டு சொல்லுது. எதை அழிக்கிறது?"

வவுனியாவிலிருந்து எனது தங்கையின் மகள் ஓர் இரவு பத்து மணியளவில் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதங்கள்தான் இருந்தன. இரசாயனவியல் ஆசிரியர் அனுப்பியிருந்த கடந்தகால வினாத்தாள்களின் தொகுப்பொன்றை அவளது 'டெப்' கணனி தரவிறக்க மறுத்துவிட்டது. சேமிப்பகம் நிறைந்துவிட்டது என்ற அறிவித்தல் திரையில் வந்து நின்றதாம். ஏதாவதொன்றை அழித்தால்தான் வினாத்தாள் உள்ளே வரும்.

முப்பது வருடங்களுக்கு மேலாக 'எதை வெட்டுவது' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். பத்திரிகைப் பக்கம் நிறைந்துவிட்ட பிறகு கடைசி நேரத்தில் ஒரு மரண அறிவித்தல் வரும். இன்னும் நான்கு அங்குலம் வேண்டும் என்று பக்க வடிவமைப்பாளர் வந்து மேசைக்கு முன்னால் நிற்பார். எந்தச் செய்தியின் வாலை நறுக்கலாம் என்பதை ஒரு நிமிடத்துக்குள் தீர்மானித்தாகவேண்டும். அந்தத் துணிவில் "உள்ளுக்கு என்னென்ன கிடக்கு?" என்று கேட்டேன்.

"பாட நோட்ஸ் இருக்கு. ஸூம் இருக்கு. போட்டோ கொஞ்சம் இருக்கு. அம்மம்மா அனுப்பின வொய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கு. அதிலை கொஞ்சத்தை இப்பத்தான் அழிச்சனான்" என்றாள்.

அவளது அம்மம்மா எனக்கு அம்மா. 2023 இல் பருத்தித்துறையில் காலமானார். தட்டச்சுச் செய்து செய்தி அனுப்பத் தெரியாத அவர், ஊரடங்குக் காலத்தில் பேரப்பிள்ளைகள் பழக்கிக்கொடுத்ததன் பேரில், வட்ஸ்அப்பில் பொத்தானை அழுத்திப்பிடித்துக்கொண்டு பேசி அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி அனுப்பியதில்லை. நான் நேரடியாக அழைத்துப் பேசிவிடுவேன். பேசி முடித்ததும் அந்தப் பேச்சு போய்விடும். ஆகவே அம்மாவின் குரல் இன்று பதிவாக எங்கேனும் இருக்குமானால் அது அந்தப் பிள்ளையின் மலிவு விலை டெப் கணனிக்குள்தான் இருந்தது. "இனி ஒண்டையும் அழிக்காதை. வைச்சிரு, நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வவுனியாவுக்குப் பயணமானேன். இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தின் விளைவு. தொழில்நுட்ப நிபுணன் என்று நான் எந்தக் காலத்திலும் உரிமை கோரியதில்லை. ஆனால் இரண்டு நாட்கள் அந்தக் கருவியுடன் மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று தோன்றுகிறது. கூடவே சொல்லவேண்டிய ஒரு கோபமும் இருக்கிறது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியை 2021 இல் தங்கை வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி இன்னமும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதில் பெரிய எழுத்தில் 16 ஜிபி என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கருவியின் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து பார்த்தால், இயங்குதளமும் அதனுடன் கூடவே வந்த செயலிகளுமாகச் சேர்ந்து ஏறத்தாழ அரைவாசியை எடுத்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். கணனி உலகின் பழைய வழக்கமோ அதனை இரண்டின் மடங்குகளில் எண்ணி, 107 கோடி பைட்டுக்கும் சற்று அதிகமாகக் கொள்கிறது. அந்த வழக்கத்தின்படி பார்த்தால் 16 என்பது ஆரம்பத்திலேயே 14.9 ஆகிவிடும்.

நமது நாட்டில் ஒரு பிஸ்கட் பக்கற்றை எடுத்தால்கூட அதில் நிகர நிறை எழுதப்பட்டிருக்கும். மேலுறையின் நிறையையும் சேர்த்து விற்றால் கடைக்காரரை விடமாட்டோம். டெப் கணனி விடயத்தில் மாத்திரம் பெட்டி, தட்டு, காகிதம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து விற்பது வழமையாகிவிட்டது. இது மலிவுக் கருவிகளுடன் மட்டுப்பட்ட பிரச்சினையும் அல்ல. 2012 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட சேர்பேஸ் ஆர்.டி. கணனியின் 32 ஜிபி மாதிரியில் பாவனையாளருக்கு எஞ்சியது சுமார் 16 ஜிபிதான். கலிபோர்னியாவில் ஒரு சட்டத்தரணி அதற்கெதிராக வழக்கே தொடர்ந்தார். மறுவருடம் சம்சுங் நிறுவனத்தின் கலக்ஸி எஸ்4 தொலைபேசியின் 16 ஜிபி மாதிரியில் சுமார் 9 ஜிபிதான் கைக்குக் கிடைக்கிறது என்று பிரிட்டனில் சர்ச்சை எழுந்தது. அவையெல்லாம் விலையுயர்ந்த சாதனங்கள். அவற்றை வாங்கியவர்களுக்கு வழக்காடவும் வசதி இருந்தது. 128 ஜிபி கருவியில் பத்து ஜிபி காணாமல் போனால் அது ஓர் எரிச்சல். 16 ஜிபி கருவியில் அதே பத்து ஜிபி போனால் பிள்ளையின் படிப்பே போகிறது. இடப்பற்றாக்குறையின் முழுச்சுமையும் ஆகக் குறைந்த விலைக்கு வாங்கியவரின் தலையில்தான் வந்து விழுகிறது.

மலிவு டெப் கணனி மூலமாக ஏழைப்பிள்ளைகளின் கல்வியை உயர்த்திவிடலாம் என்ற கனவு தெற்காசியாவில் புதியதல்ல. இந்தியாவில் 2011 ஒக்டோபரில் அப்போதைய மனிதவள அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற கருவியைப் பெரும் ஆரவாரத்துடன் அறிமுகம் செய்தார். அதன் தற்காலிக நினைவகம் 256 எம்பி மாத்திரமே. கருவியைத் தொட்டுவிட்டுத் திரை அசையும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது என்று அன்றே விமர்சனங்கள் வந்தன. இலங்கையிலும் 2017 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் டெப் கணனி வழங்கும் யோசனை முன்வைக்கப்பட்டு, நீண்ட வாதப்பிரதிவாதங்களுக்குப் பின்னர் முன்மொழியப்பட்டவாறு நிறைவேறாமல் போனது. அரசாங்கம் கொடுக்காததைக் கொள்ளைநோய் வாங்கவைத்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, கடன்பட்டும் நகையை அடகுவைத்தும் பெற்றோர் இத்தகைய கருவிகளை வாங்கினார்கள். எனது தங்கை தனது காப்பு ஒன்றை அடகுவைத்தே வாங்கினாள். அதன்பின் 2022 வந்தது. வருடத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டபோது புதிய கருவி என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போய்விட்டது. 2021 இல் வாங்கியவை இன்னமும் பல வீடுகளில் உழைத்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

கருவி அப்படியே இருக்க, செயலிகள் மாத்திரம் வருடாவருடம் பருத்துக்கொண்டே போகின்றன. ஏழை நாடுகளுக்கென்று சிறிய செயலிகளை உருவாக்கும் ஓர் அலை ஒரு கட்டத்தில் இருந்தது. பின்னர் அதுவும் வற்றத் தொடங்கியது. கூகிள் நிறுவனம் தனது யூரியூப் கோ செயலியை 2022 ஓகஸ்டில் நிறுத்தியது. மெசெஞ்சரின் சிறிய வடிவம் 2023 செப்டெம்பரில் மூடப்பட்டது. கருவிகளின் ஆற்றல் கூடிவிட்டதால் இவை தேவையில்லை என்று நிறுவனங்கள் நினைத்திருக்கலாம். யாருடைய கருவிகள் என்று அவர்களிடம் வவுனியாவிலிருந்து யார் போய்க் கேட்பது?

இனி அந்த இரண்டு நாட்கள் செய்ததைச் சொல்கிறேன்.

எதையும் அழிப்பதற்கு முன்னர் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தோம். இதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. பதற்றத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவதை அழித்துவிடுகிறார்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பகுதியொன்று இருக்கிறது. எந்தக் குழுமம், எந்த நபர், எவ்வளவு இடம் என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்திக் காட்டும். மருமகளின் கருவியில் முதலிடத்தில் இருந்தது உறவினர் குழுமமொன்று. டொரொன்டோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கின்ற எங்கள் சொந்தபந்தங்கள் அன்றாடம் அனுப்புகின்ற காலை வணக்கப் படங்கள், கோவில் திருவிழாக் காணொளிகள், சமையற் குறிப்புகள், பூப்புனித நீராட்டு விழாக்களின் முழுநீளப் பதிவுகள் அங்கே மலையாகக் குவிந்துகிடந்தன. ஒரே தேர்த்திருவிழாக் காணொளி மூன்று குழுமங்கள் வழியாக மூன்று தடவைகள் வந்திருந்தது. யாவும் தாமாகவே தரவிறங்கியவை. அவற்றில் பலவற்றை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை.

புலம்பெயர்ந்த உறவுகள் மனம் நோகக்கூடாது. அன்பின் காரணமாகவே அனுப்புகிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் 256 ஜிபி ஐபோனிலிருந்து ஒருவர் ஒரு விரலசைவில் அனுப்பும் காணொளி, மறுமுனையில் 16 ஜிபி கருவி வைத்திருக்கும் பிள்ளையின் கணித வினாத்தாளை வெளியே தள்ளுகிறது என்பதை ஒரு தடவை எண்ணிப்பார்த்தால் நல்லது.

அம்மம்மாவின் பேச்சுகள் எவ்வளவு இடம் பிடித்திருந்தன என்றும் பார்த்தோம். வட்ஸ்அப் குரற்பதிவு மிகவும் சுருக்கப்பட்ட வடிவில் சேமிக்கப்படுவது. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒன்றரை நூறு கிலோபைட் அளவே ஆகும். எஞ்சியிருந்த அத்தனை பதிவுகளும் சேர்ந்து 30 எம்பிகூட இல்லை. அந்தத் தேர்த்திருவிழாக் காணொளியின் ஒரு பிரதியைவிடவும் குறைவு. அவள் அழித்தது வீட்டிலிருந்த ஆகச்சிறிய பொருளை. அதை அழித்ததால் வினாத்தாளுக்கு இடம் கிடைக்கவுமில்லை.

தானாகத் தரவிறங்கும் வசதியை முதலில் நிறுத்தினோம். படம், ஒலி, காணொளி எதுவுமே கேட்காமல் உள்ளே வராது. உறவினர் குழுமத்தில் பெரிய காணொளிகளை மாத்திரம் தெரிவுசெய்து அழித்தோம். 'உரையாடலை முழுவதுமாக அழி' என்ற தெரிவை எவரும் அவசரத்தில் தொட்டுவிடவேண்டாம். அதில் குரற்பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். அழிந்த பதிவுகள் எப்படிப் போயின என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்ததாகச் செயலிகள். ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு துப்புரவுப் பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று கேஷ் எனப்படும் தற்காலிகக் கோப்புகளை நீக்குவது. அதனால் நட்டம் எதுவும் இல்லை, செயலி தனக்குத் தேவையானதைப் பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளும். மற்றையது அந்தச் செயலியின் தரவு அனைத்தையும் நீக்குவது. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அழுத்தி, எழுதி வைத்திருந்த குறிப்புகளை முழுவதுமாக இழந்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும். அவரும் பத்திரிகையாளர்தான், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

கருவியுடன் கூடவே வந்த செயலிகளில் ஒரு விசித்திரம் உண்டு. அவை தொழிற்சாலையிலேயே இயங்குதளப் பகுதிக்குள் வைக்கப்பட்டவை. அவற்றை அகற்ற முடியாது. ஆனால் அவை புதுப்பிக்கப்படும்போது புதிய பிரதி நமக்கென்று மிஞ்சியிருக்கும் பகுதியில் வந்து உட்காருகிறது. பழையது அங்கே, புதியது இங்கே. ஒரே செயலிக்கு இரண்டு வீட்டு வாடகை. நாம் ஒருபோதும் பயன்படுத்தாத அத்தகைய செயலிகளை முடக்கிவிட்டால் புதுப்பித்தல்களும் நீங்கி அந்த இடம் திரும்பக் கிடைக்கும். அவளுடைய கருவியில் ஏழு செயலிகளை முடக்கியதில் ஒரு ஜிபிக்கும் மேல் விடுபட்டது. வங்கி, பேருந்து நேர அட்டவணை, செய்தித்தளங்கள் போன்றவற்றுக்குச் செயலியே வேண்டியதில்லை. உலாவியில் திறந்தால் போதும். பத்திரிகைக்காரனாகிய நானே செய்திச் செயலிகளை அகற்றச் சொல்கிறேனே என்று எனது பழைய ஆசிரியபீடம் வருத்தப்படலாம்.

புகைப்படங்கள் விடயத்தில் ஒரு பொறி இருக்கிறது. படத்தை அழித்தவுடன் அது குப்பைத்தொட்டிக்குப் போகிறதே தவிர இடம் விடுபடுவதில்லை. தொட்டியையும் காலிசெய்யவேண்டும். கூகிள் போட்டோஸ் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை வெறுமனே அழித்தால் இணையத்தில் காப்பாகச் சேமித்திருக்கும் பிரதியும் சேர்ந்தே அழியும். கருவியில் உள்ள பிரதியை மாத்திரம் நீக்குவதற்கு அதிலேயே தனியான தெரிவு உண்டு. படங்களை அங்கே எல்லையின்றி இலவசமாகச் சேமித்த காலமும் 2021 யூன் முதலாம் திகதியுடன் முடிந்துவிட்டது. இப்போது மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாவற்றுக்குமாக 15 ஜிபிதான் இலவசம். வவுனியாவின் கிராமமொன்றில் டேட்டா அட்டை போட்டு இணையம் பாவிக்கின்ற ஒரு பிள்ளையிடம் 'எல்லாவற்றையும் மேகத்தில் வை' என்று ஆலோசனை சொல்வது, ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடச் சொன்ன கதைதான். ஏற்றுவதற்கும் பணம், இறக்குவதற்கும் பணம்.

ஆகவே மெமரி கார்ட் வாங்குவது என்று முடிவுசெய்தோம். நகத்தளவு சில்லு அது. 2004 இல் வேறு பெயரில் அறிமுகமாகி மறுவருடம் மைக்ரோ எஸ்.டி. என்ற பெயரைப் பெற்ற இந்தச் சில்லுதான் இன்றளவும் ஏழையின் அலுமாரி. விலையுயர்ந்த தொலைபேசிகள் பலவற்றில் அதற்கான துளையையே எடுத்துவிட்டார்கள். மலிவுக் கருவிகளில் நல்லவேளையாக இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் எனது சொந்த அனுபவமொன்றைச் சொல்லவேண்டும். வவுனியாவுக்குப் புறப்படும்போதே புத்திசாலித்தனமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு கொழும்பில் வீதியோரக் கடையொன்றில் 512 ஜிபி என்று பொறிக்கப்பட்ட கார்ட் ஒன்றை வாங்கியிருந்தேன். விலை, பெயர்பெற்ற நிறுவனமொன்றின் 64 ஜிபி கார்ட்டின் விலையைவிடக் குறைவு. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். விளங்கவில்லை. வவுனியாவில் தங்கையின் அயல்வீட்டு இளைஞன் ஒருவன் தனது மடிக்கணனியில் செருகி எஃப்3 என்ற இலவச மென்பொருளினால் பரிசோதித்துப் பார்த்தான். உண்மையில் உள்ளே இருந்தது 32 ஜிபிகூட இல்லை. இத்தகைய போலிகளில் கட்டுப்பாட்டுச் சில்லைப் பொய் சொல்லும்படி மாற்றியமைத்திருப்பார்கள். கணனி கேட்டால் 512 என்று பதில் சொல்லும். கோப்புகளை ஏற்றினால் ஏற்றுக்கொள்வதைப் போல நடிக்கும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் மேற்கொண்டு எழுதப்படுபவை பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது காற்றிலே போகும். கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் எதுவும் இருக்காது. அம்மாவின் குரலை அதற்குள் மாற்றிவிட்டுக் கருவியிலிருந்து அழித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அன்றிரவு நினைத்துப்பார்த்து நான் நித்திரை கொள்ளவில்லை. விண்டோஸ் கணனி வைத்திருப்பவர்களுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இன்னொரு இலவச மென்பொருளும் உண்டு. புதிதாக வாங்கிய எந்தக் கார்ட்டையும் இரண்டிலொன்றால் பரிசோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். பொறுமை வேண்டும், முழுக்கொள்ளளவையும் எழுதிப்பார்க்க மணித்தியாலங்கள் ஆகும்.

மறுநாள் நகரத்தில் பற்றுச்சீட்டுடன் 64 ஜிபி கார்ட் ஒன்றை வாங்கினோம். அதைச் செருகியதும் கருவி ஒரு கேள்வி கேட்டது. இதனை வெளிச் சேமிப்பகமாகப் பாவிப்பதா, அல்லது கருவியின் உட்சேமிப்பகத்துடன் இணைத்துக்கொள்வதா? அன்ட்ரோயிட் 6 ஆவது பதிப்பு 2015 இல் வந்ததிலிருந்து இந்த இரண்டாவது வழி இருக்கிறது. சில நிறுவனங்கள் தமது கருவிகளில் அதை மறைத்துவிட்டன. இணையத்தில் தேடினால் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டாவதையே சிபாரிசு செய்கிறார்கள். செயலிகளை கார்ட்டுக்கு மாற்றலாம், 16 ஜிபி கருவி 80 ஜிபி கருவியாகிவிடும் என்பது அவர்களது வாதம்.

நான் அதற்கு உடன்படவில்லை. உட்சேமிப்பகமாக மாற்றும்போது கார்ட் முதலில் முழுவதுமாக அழிக்கப்பட்டு, பூட்டிடப்பட்ட வடிவுக்கு மாற்றப்படுகிறது. சாவி அந்தக் கருவிக்குள் மாத்திரமே இருக்கும். கார்ட்டைக் கழற்றி வேறொரு கணனியில் செருகினால் எதுவும் தெரியாது. கருவி பழுதடைந்தாலோ தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கப்பட்டாலோ கார்ட்டில் இருப்பவையும் மீளக் கிடைக்கமாட்டா. ஐந்தாவது வருடத்தில் காலடி எடுத்துவைத்திருக்கும் ஒரு மலிவுக் கருவி எப்போது கண்ணை மூடும் என்று யாருக்குத் தெரியும்? அது மூடும்போது கார்ட்டையும் உடன்கட்டை ஏறவைப்பது எந்த விதத்தில் நியாயம்? வேகமும் ஒரு பிரச்சினை. காணொளி போன்ற ஒரே நீண்ட கோப்பை எழுதுவது சாதாரண கார்ட்டுக்கு இலகு. செயலிகளோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகத் தேடுபவை. அதற்காகவே ஏ1, ஏ2 என்ற தரக்குறியீடுகள் 2016 இலிருந்து வந்தன. அந்தக் குறியில்லாத கார்ட்டில் செயலியை வைத்தால் கருவி நத்தை வேகத்துக்கு வந்துவிடும். நல்ல ஏ2 கார்ட், புதிய கருவி, இழப்பதற்கு உள்ளே பெரிதாக எதுவுமில்லை என்றால் அந்த வழியில் போகலாம். இங்கே நிலைமை அதுவல்ல.

வெளிச் சேமிப்பகமாகவே வைத்துக்கொண்டோம். செயலிகளுக்கு உள்ளிடம், கோப்புகளுக்குக் கார்ட். பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், ஆசிரியர்களின் காணொளிகள், நூலகம் இணையத்தளத்திலிருந்து அவள் இறக்கி வைத்திருந்த சில பழைய தமிழ் நூல்கள் யாவற்றையும் கார்ட்டுக்கு மாற்றினோம். கமெராவும் இனி அங்கேயே படங்களைச் சேமிக்கும்படி செய்தோம். உள்ளே மூன்று ஜிபி வெற்றிடமாக எஞ்சியது. அதை நிரப்பவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தவகைச் சேமிப்பகங்கள் நிறைய நிறைய எழுதும் வேகம் குறையும். கருவி சோர்ந்துவிட்டது என்று நாம் குறைசொல்வது பல சமயங்களில் வீடு நிறைந்துவிட்டதால் ஏற்படும் மூச்சுத்திணறல்தான்.

இத்தனைக்கும் தொடக்கப்புள்ளியாக இருந்த அந்த வினாத்தாள் தொகுப்பைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு காத்திருந்தது. பத்து வினாத்தாள்கள், சுமார் நூறு பக்கங்கள், 300 எம்பிக்கும் அதிகம். ஒவ்வொரு பக்கமும் கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்ட புகைப்படம். மேசையின் விளிம்பும் ஆசிரியரின் பெருவிரலும்கூடத் தெரிகின்றன. விசாரித்ததில் காரணம் புரிந்தது. அந்த ஆசிரியர் வினாத்தாள்களைத் தட்டச்சுச் செய்துதான் வைத்திருக்கிறார், ஆனால் பாமினி எழுத்துருவில். கோப்பை அப்படியே அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத மாணவர்களின் கருவிகளில் ஆங்கில எழுத்துகளின் குழப்பம்தான் தெரியும். ஆகவே அச்சிட்டு, படமெடுத்து, படங்களைக் கோத்து அனுப்புகிறார். ஒருங்குறித் தமிழில் ஓர் எழுத்துக்குறி மூன்று பைட். நெருக்கமாக எழுதப்பட்ட ஒரு பக்கம் பத்துக் கிலோபைட்டைத் தாண்டுவது அரிது. வரைபடங்களையும் சமன்பாடுகளையும் சேர்த்தாலும் முழுத்தொகுப்பும் சில எம்பிகளுக்குள் அடங்கியிருக்கும். எழுத்துருவை மாற்றாமலேயே கணனியிலிருந்து நேரடியாகப் பீடிஎஃப் ஆக்கியிருந்தாலும் போதும், எழுத்துரு கூடவே போயிருக்கும்.

அந்த ஆசிரியரை நான் குறைகூறமாட்டேன். அவர் இரவு பகலாக உழைப்பவர். பாமினியிலேயே ஆயுளைக் கழித்த பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். ஆனால் தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு வினாத்தாள்களும் வழிகாட்டிகளும் இப்படிப் படங்களாகவே போய்ச் சேருமானால் நமது பிள்ளைகள் ஒவ்வொரு பக்கத்துக்கும் அநியாய வாடகை செலுத்தவேண்டியிருக்கும். 2022 மார்ச்சில் அச்சிடக் காகிதம் இல்லாமல் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. காகிதம் இல்லாத காலத்தில் திரைதான் கைகொடுக்கும் என்றால், திரைக்குப் போவதைச் சிக்கனமாக அனுப்பக் கற்றுக்கொடுப்பது கல்வி அமைச்சின் வேலை. ஆசிரியர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும். கருவிகளின் பெட்டியில், முதற்தடவை இயக்கும்போது பாவனையாளருக்கு எஞ்சும் இடம் எவ்வளவு என்பதைக் கொள்ளளவுக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடவேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஒரு பணிப்புரை வழங்குவதற்கும் டொலர் தேவையில்லை. தேங்காய்க்கும் முட்டைக்கும் கட்டுப்பாட்டு விலை குறித்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

இனி அம்மாவின் குரல். எஞ்சியிருந்த பதிவுகளின் கோப்புறையை முழுமையாகப் பிரதிசெய்து கார்ட்டில் ஒன்று, அயல்வீட்டு இளைஞனின் உதவியுடன் ஒரு பென் ட்ரைவில் ஒன்று, எனது மடிக்கணனியில் ஒன்று என்று மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். அழிந்தவை திரும்பவில்லை. தங்கையின் தொலைபேசியில் தேடினோம், அது பழுதடைந்து மாற்றப்பட்டபோது எல்லாம் போய்விட்டது. குழுமத்தில் அனுப்பியவையாக இருந்தால் யாரிடமாவது இருந்திருக்கும். அம்மா பேத்திக்குத் தனியாகத்தான் அனுப்பியிருக்கிறார்.

கொழும்புக்குத் திரும்பும் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவந்தேன். பெரும்பாலும் சாப்பிட்டாயா, படித்தாயா, மழை பெய்கிறதா என்பவைதான். ஒன்றில், ஒடியற்கூழுக்கு எதை எப்போது போடவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, "மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன், இப்ப போனிலை சார்ஜ் இல்லை" என்று நிறுத்துகிறார். அடுத்த நாள் பதிவு அந்தக் கோப்புறையில் இல்லை.